கண்ணைக் குத்திய கை

கிரேக்கத் துன்பியல் நாடகங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே 'விதி' வந்து உட்கார்ந்துகொள்ளும். ஈடிபஸ் என்று சொல்லி முடிப்பதற்குள் "ஆமா, விதியிலிருந்து யாரும் தப்பிக்க முடியாதுன்னு சொல்ற கதைதானே" என்று ஒருவர் முடித்துவைப்பார். அப்பாவைக் கொல்வான், அம்மாவை மணப்பான் என்று குறி சொன்னார்கள், ஓடிப் பார்த்தான், முடியவில்லை, அவ்வளவுதான். இந்தச் சுருக்கத்தோடு எனக்கு நீண்டகாலமாகவே ஒரு பிணக்கு இருக்கிறது. சோஃபோக்ளிஸின் 'ஈடிபஸ் அரசன்' நாடகத்தை உண்மையாகவே எடுத்து வாசித்தால், விதி செய்ய வேண்டியதெல்லாம் திரை விலகும் முன்பே முடிந்துபோயிருப்பது தெரியும். தந்தை செத்து வருடங்கள் ஆகிவிட்டன. தாயோடு திருமணம் நடந்து நான்கு பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். அப்படியென்றால் மேடையில் அந்த ஒருநாள் முழுக்க நடப்பது என்ன?

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீப்ஸ் நகரத்தின் அரசன் லாயஸ். தன் மகன் கையால் சாவான் என்று டெல்பியில் அவனுக்குக் குறி சொல்லப்படுகிறது. பிறந்த குழந்தையின் கணுக்கால்களைத் துளைத்து, மலையில் போட்டுவிடச் சொல்லி ஒரு மேய்ப்பனிடம் கொடுக்கிறார்கள். மேய்ப்பனுக்கு மனம் வரவில்லை. கொரிந்த் நாட்டு மேய்ப்பன் ஒருவனிடம் தந்துவிடுகிறான். குழந்தை இல்லாத கொரிந்த் அரசன் பாலிபஸும் அவன் மனைவி மெரோப்பியும் அதை வளர்க்கிறார்கள். வாலிபனான பிறகு, விருந்தில் குடித்திருந்த ஒருவன் 'நீ உன் அப்பாவுக்குப் பிறந்தவன் இல்லை' என்று சொல்லிவிட, ஈடிபஸ் டெல்பிக்குப் போய்க் கேட்கிறான். அவன் கேட்டது 'என் பெற்றோர் யார்?' கிடைத்த பதிலோ 'தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய்'. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. கொரிந்துக்குத் திரும்பக்கூடாது என்று முடிவெடுத்துக் கிளம்புகிறவன், மூன்று சாலைகள் கூடும் இடத்தில் வண்டியில் வரும் ஒரு கிழவரோடு வழிவிடுவதில் தகராறாகி, அடித்தவரைத் திருப்பி அடித்துக் கொல்கிறான். பிறகு ஸ்பிங்ஸின் புதிரை விடுவித்துத் தீப்ஸைக் காப்பாற்றுகிறான். பரிசாக அரியணையும் விதவை ராணி ஜொகாஸ்டாவும் கிடைக்கிறார்கள்.

இதெல்லாம் பழைய கதை. நாடகம் தொடங்குவது நகரத்தைக் கொள்ளைநோய் தின்றுகொண்டிருக்கும்போது. லாயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்து வெளியேற்று, நோய் போகும் என்று டெல்பியிலிருந்து செய்தி வருகிறது. ஈடிபஸ் எல்லார் முன்னிலையிலும் அந்தக் கொலைகாரனைச் சபித்துவிட்டு விசாரணையைத் தொடங்குகிறான்.

நாடகம் அந்த விசாரணைதான். போலீஸ்காரனே குற்றவாளி என்று முடியும் உலகத்தின் ஆகப் பழைய துப்பறியும் கதை. இந்த விசாரணையைச் செய்யச் சொல்லி எந்தத் தெய்வமும் அவன் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெவ்வேறு கட்டத்தில் மூன்று பேர் அவனை நிறுத்தச் சொல்கிறார்கள். பார்வையற்ற குறிசொல்லி டைரேசியஸ் 'என்னை வீட்டுக்கு அனுப்பிவிடு' என்கிறார். அவனுக்கு முன்பே உண்மையைப் புரிந்துகொண்டுவிட்ட ஜொகாஸ்டா, உயிரின் மேல் ஆசை இருந்தால் இதோடு விட்டுவிடு என்று கெஞ்சுகிறாள். கடைசியில் அந்தக் கிழட்டு மேய்ப்பன், மேற்கொண்டு கேட்காதே என்று மன்றாடுகிறான். ஈடிபஸ் நிறுத்தவில்லை. ஒருகட்டத்தில் எதைக் கேட்கப்போகிறோம் என்று தெரிந்தும் கேட்கிறான். தெரிந்துகொள்வது அவனுடைய தேர்வு.

*

1966இல் ஈ.ஆர்.டாட்ஸ் என்ற அறிஞர் இந்த நாடகத்தைத் தவறாகப் புரிந்துகொள்வது பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். மாணவர்களின் தேர்வுத்தாள்களில் திரும்பத் திரும்ப வந்த மூன்று பதில்களை அதில் எடுத்துக்கொள்கிறார். ஒன்று, ஈடிபஸிடம் குணக்கேடு இருந்தது, அதற்குத் தண்டனை கிடைத்தது. இரண்டு, மனிதர்கள் தெய்வங்கள் ஆட்டும் பொம்மைகள். மூன்று, சோஃபோக்ளிஸ் சுத்தமான கலைஞர், அவருக்கு இந்தத் தத்துவக் கேள்விகளிலெல்லாம் அக்கறை இல்லை. மூன்றையும் டாட்ஸ் நிராகரிக்கிறார். அறுபது வருடம் ஆகப்போகிறது. நம் இலக்கியக் கூடுகைகளில் முதல் இரண்டு பதில்களையும் இன்றும் கேட்க முடிகிறது.

முதல் பதிலுக்கு ஆதாரமாக எல்லாரும் அரிஸ்டாட்டிலைக் கூப்பிடுவார்கள். துன்பியல் நாயகன் வீழ்வது 'ஹமார்ட்டியா'வால் என்று அவர் எழுதினார். பாடநூல்கள் அதைக் குணக்குறை என்று மொழிபெயர்த்துவிட்டன. அம்பு குறி தவறுவதற்குப் பயன்பட்ட வினையிலிருந்து வரும் சொல் அது. பிழை, தவறிய கணக்கு என்று சொன்னால் நெருங்கி வரும். ஈடிபஸ் முன்கோபக்காரன்தான், டைரேசியஸிடமும் மைத்துனன் கிரியோனிடமும் கத்துகிறான்தான். ஆனால் அவன் சாந்தமான ஆளாக இருந்திருந்தாலும் பாலிபஸ் அவனுடைய தந்தை ஆகிவிட மாட்டார்.

இரண்டாவது பதில்தான் நம்மவர்களுக்கு இன்னும் பிடித்தமானது. இங்கே ஒரு மொழிச் சிக்கலும் உண்டு. கிரேக்கர்களின் 'மொய்ரா'வை நாம் சட்டென்று 'ஊழ்' என்று சொல்லிவிடுகிறோம். மொய்ரா என்றால் பங்கு, ஒருவனுக்கு என்று அளந்து வைத்தது. அளந்தது ஏன் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. நம்முடைய ஊழில் ஒரு கணக்கு இருக்கிறது. கோவலன் கொலைப்பட்டதற்குச் சிலப்பதிகாரம் முற்பிறவிக் கதை ஒன்றைச் சொல்லிக் கணக்கை நேர்செய்துவிடும். ஈடிபஸுக்கு அப்படி எதுவும் இல்லை. லாயஸ் முன்னொரு காலத்தில் செய்த குற்றம் ஒன்று கிரேக்கத் தொன்மத்தில் உண்டு. சோஃபோக்ளிஸ் நினைத்திருந்தால் 'அப்பன் செய்த பாவம்' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். இந்த நாடகத்தில் அவர் அதைத் தொடவே இல்லை. காரணமே சொல்லப்படாத துயரம் இது. 'ஊழ்' என்று மொழிபெயர்த்த அந்த நிமிடமே இல்லாத காரணம் ஒன்றை நாம் உள்ளே நுழைத்துவிடுகிறோம்.

*

சரி, ஈடிபஸ் குற்றவாளியா?

சட்டப்படி பார்த்தால் அவனுக்காக வாதாட நிறைய இருக்கிறது. கி.மு. ஏழாம் நூற்றாண்டிலேயே ஏதென்ஸில் டிராக்கோவின் சட்டம் வேண்டுமென்று செய்த கொலையையும் தெரியாமல் செய்த கொலையையும் பிரித்துவிட்டது. நாடகம் பார்த்த ஏதென்ஸ்காரர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். ஆனால் அவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அதன் பெயர் 'மியாஸ்மா', தீட்டு. கொலைசெய்த கையில் ஒட்டிக்கொள்ளும் அது நோக்கத்தைப் பார்க்காது. தெரிந்து மிதித்தாலும் தெரியாமல் மிதித்தாலும் காலில் ஒட்டுவது ஒட்டியதுதான். நாடகத்தில் நகரத்துக்கு நோய் வந்ததும் இந்தத் தீட்டால்தான்.

இதைப் பழங்கால மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியாது என்று பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற தத்துவவாதி காட்டுகிறார். அவர் தரும் உதாரணம் எளிமையானது. ஒரு லோரி ஓட்டுநர், தன் பக்கம் எந்தத் தவறும் இல்லாமல், குறுக்கே ஓடிவந்த குழந்தையை மோதிவிடுகிறார். குழந்தை இறந்துவிடுகிறது. சுற்றியிருப்பவர்கள் 'உங்க மேல தப்பு இல்ல' என்று ஆறுதல் சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த ஓட்டுநர் அதை உடனே ஏற்றுக்கொண்டு, 'ஆமால்ல, என் தப்பு இல்லதான்' என்று சாப்பிடப் போய்விட்டால் நமக்கே அவர்மேல் ஒரு சந்தேகம் வரும். வேடிக்கை பார்த்தவனின் வருத்தமும் ஓட்டியவரின் வருத்தமும் ஒன்றாக இருக்க முடியாது. நோக்கம் இல்லாவிட்டாலும் நடந்தது அவர் கையால்.

நம் ஊர்ச் சாவு வீடுகளில் இந்த இடத்தில்தான் விதி வரும். 'அவன் நேரம்', 'எழுதி வச்சது' என்பார்கள். செத்தவர்களுக்காகச் சொல்வதுபோல் தோன்றினாலும் பெரும்பாலும் அது இருப்பவர்களுக்கான மருந்து. நான் அதைக் கேலிசெய்யவில்லை. பலரை அது தூங்க வைத்திருக்கிறது. ஆனால் ஈடிபஸிடம் அந்த மருந்து எல்லாரையும்விட அதிகமாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். டெல்பியின் தெய்வமே சாட்சி. 'எல்லாம் அப்போலோ செய்தது' என்று அவன் சொல்லியிருந்தால் மறுக்க ஆளில்லை.

அவன் சொல்வது வேறு. ஜொகாஸ்டா தூக்கில் தொங்குகிறாள். ஈடிபஸ் அவளை இறக்கிக் கிடத்தி, அவள் ஆடையிலிருந்த தங்க ஊசிகளைப் பிடுங்கித் தன் கண்களில் திரும்பத் திரும்பக் குத்திக்கொள்கிறான். வன்முறையைப் பொதுவாக மேடையில் காட்டாத மரபு என்பதால் இதை ஒரு பணியாள் வந்து விவரிக்கிறான். பிறகு ஈடிபஸ் வெளியே வருகிறான். உன்னை இப்படிச் செய்யத் தூண்டிய தெய்வம் எது என்று கோரஸ் கேட்கிறது. இந்தத் துன்பங்களையெல்லாம் நிறைவேற்றியது அப்போலோ, ஆனால் குத்திய கை தன்னுடையது, வேறெவருடையதும் இல்லை என்று அவன் பதில் சொல்கிறான்.

மொத்த நாடகத்தையும் இந்தப் பதிலில் நின்றுகொண்டுதான் நான் வாசிக்கிறேன். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறான். தெய்வமும் உண்டு, நானும் உண்டு. ஒன்று மற்றொன்றைத் துடைத்துவிடவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கண்ணிழப்பை டைரேசியஸ் முன்பே சொல்லிவிடுகிறாரே, அதுவும் விதியின் பட்டியலில்தானே வருகிறது? சொல்கிறார், உண்மைதான். பார்வையுள்ளவன் குருடனாவான், செல்வந்தன் பிச்சையெடுப்பான் என்கிறார். ஆனால் நடக்கப்போவதைப் பார்த்துச் சொல்வது வேறு, நடக்கும்படி கட்டளையிடுவது வேறு. டெல்பியில் ஈடிபஸுக்குச் சொல்லப்பட்டதில் கண்கள் இல்லை. அந்த வேலையை அவன் தன் பெயரில் எழுதிக்கொள்கிறான்.

சோஃபோக்ளிஸ் இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதற்கு மற்ற வடிவங்களே சாட்சி. ஹோமரின் ஒடிசியில் தாய் தூக்கிட்டுக்கொள்கிறாள், ஈடிபஸ் துயரத்தோடு தீப்ஸை ஆண்டுகொண்டுதான் இருக்கிறான். கண் போனதாகப் பேச்சே இல்லை. யூரிப்பிடிஸ் எழுதி, இன்று சில துண்டுகளாக மட்டும் எஞ்சியிருக்கும் நாடகத்தில் லாயஸின் வேலைக்காரர்கள் ஈடிபஸைத் தரையில் அமுக்கிக் கண்களை அழிக்கிறார்கள். அங்கே அது பிறர் தந்த தண்டனை. தானே குத்திக்கொள்ளும் ஈடிபஸ் சோஃபோக்ளிஸுக்கு முன்பே ஈஸ்கிலஸிடம் உண்டு. ஆனால் அந்தச் செயலுக்கு இத்தனை விளக்கம் கேட்டு, அவனை இவ்வளவு நேரம் நிறுத்தி வைத்துப் பேசவிட்டவர் சோஃபோக்ளிஸ்தான்.

*

ஏன் கண்? ஏன் சாகவில்லை? கோரஸும் இதைத்தான் கேட்கிறது. குருடனாய் வாழ்வதைவிடச் செத்திருக்கலாமே என்கிறது. பாதாள உலகில் தந்தையையும் தாயையும் எந்தக் கண்ணால் பார்ப்பேன் என்று ஈடிபஸ் திருப்பிக் கேட்கிறான். முடிந்திருந்தால் காதுகளையும் அடைத்திருப்பேன் என்கிறான். சாவு அவனுக்குத் தப்பித்தலாகக்கூடத் தெரியவில்லை, அங்கேயும் முகங்கள் காத்திருக்கின்றன.

நம் பாண்டியன் நெடுஞ்செழியனை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. தவறான தீர்ப்பு என்று தெரிந்த கணத்தில் அவன் அரியணையிலிருந்து விழுந்து உயிர்விடுகிறான். குற்றவுணர்வும் தண்டனையும் ஒரே நொடியில் முடிந்துவிடுகின்றன. செங்கோல் நிமிர்ந்துவிட்டது என்று நாமும் பெருமூச்சு விடுகிறோம். ஈடிபஸுக்கு அந்த வசதி இல்லை. அவன் மறுநாள் காலையில் எழுந்தாக வேண்டும்.

இதுவரை எழுதியதைப் பார்த்தால் கண்ணைக் குத்திக்கொண்டதை நான் மகத்தான செயலாகக் கொண்டாடுவதுபோல் தோன்றலாம். பலர் அப்படித்தான் கொண்டாடுகிறார்கள். தன்னைத்தானே தண்டித்துக்கொள்கிறவனிடம் நமக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. சாப்பிடாமல் கிடப்பவர், சொந்தபந்தங்களை அறுத்துக்கொண்டு போனவர், கையை அறுத்துக்கொண்ட காதலன் என்று சினிமாவும் சிறுகதையும் தன்வதையைத்தான் ஆழமான அன்புக்கு அத்தாட்சியாக வைக்கின்றன. இளம் எழுத்தாளர்களின் கதைகளை வாசிக்கும்போது இதை அடிக்கடி பார்க்கிறேன். குற்றவுணர்வு வந்த பாத்திரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் சாகடித்துவிடுகிறார்கள்.

சோஃபோக்ளிஸ் அந்த மயக்கத்தில் விழவில்லை என்பது என் வாசிப்பு. கண்ணைக் குத்திக்கொண்ட பின்னும் ஈடிபஸ் பழைய ஈடிபஸாகவே இருக்கிறான். புதிரை அவிழ்த்தவன் அவன், சாபமிட்டவன் அவன், விசாரித்தவன் அவன். தீர்ப்பு எழுதி நிறைவேற்றியவனும் அவனே. வேறு யாருக்கும் அதில் இடமில்லை. நாடுகடத்து என்று கிரியோனிடம் கட்டளைபோலவே சொல்கிறான். முதலில் தெய்வத்திடம் கேட்போம் என்கிறான் கிரியோன். மகள்களைப் பிரிக்காதே என்று ஈடிபஸ் வற்புறுத்தும்போது, எல்லாவற்றையும் ஆள நினைக்காதே என்ற பொருளில் கிரியோன் அவனை அடக்குகிறான். கொடூரமான பேச்சுதான், ஆனால் சரியான இடத்தைத் தொடுகிறது. தன்னைத் தண்டிப்பது சில சமயம் அதிகாரத்தின் கடைசி வடிவம். 'என்னை நான் தண்டித்தாயிற்று, இனி யாரும் என்னிடம் எதுவும் கேட்க வேண்டாம்' என்ற ஒரு பிடிவாதம் அதில் இருக்கிறது. அந்த இரண்டு சிறுமிகள், ஆண்டிகனியும் இஸ்மேனியும், அழுதுகொண்டு நிற்கிறார்கள். அப்பாவின் தண்டனையில் அவர்களுக்கும் பங்கு விழுகிறது.

*

இந்த நாடகம் கி.மு. 429ஐ ஒட்டி எழுதப்பட்டதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஏதென்ஸில் உண்மையாகவே கொள்ளைநோய் பரவிய காலம். போட்டியில் இதற்கு முதல் பரிசு கிடைக்கவில்லை, ஈஸ்கிலஸின் சகோதரி மகன் ஃபிலோக்ளிஸ் வென்றதாகப் பழைய குறிப்பு ஒன்று சொல்கிறது. சோஃபோக்ளிஸ் தொண்ணூறு வயதை நெருங்கும்போது மறுபடி ஈடிபஸிடம் திரும்பினார். 'கொலோனஸில் ஈடிபஸ்' அவர் இறந்த பிறகு, கி.மு. 401இல், அவருடைய பெயரையே கொண்ட பேரனால் மேடையேற்றப்பட்டது. கொலோனஸ் சோஃபோக்ளிஸ் பிறந்த ஊர்.

அதில் வரும் ஈடிபஸ் கிழவன். ஆண்டிகனியின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் பிச்சையெடுத்து வந்தவன். அவன் பேசுவதைக் கேட்டால் முதல் நாடகத்தின் ஈடிபஸா இவன் என்று திகைப்பாக இருக்கும். நான் செய்தவை அல்ல, எனக்கு நேர்ந்தவை என்று வாதாடுகிறான். தெரியாமல் செய்தேன், சட்டப்படி நான் தூயவன் என்கிறான். கிரியோன் அவனை இழிவாகப் பேசும்போது, ஒருவன் உன்னைக் கொல்ல வந்தால் 'நீ என் அப்பாவா' என்று விசாரித்துவிட்டா தற்காத்துக்கொள்வாய் என்று மடக்குகிறான். அசல் வழக்கறிஞர் கேள்வி.

அதைவிட முக்கியமான ஓரிடம் உண்டு. அன்று கொதித்துப்போயிருந்தபோது சாவையே விரும்பினேன், காலம் போகப்போக வேதனை தணிந்தது, பழைய பிழைகளுக்கு என் கோபம் என்னை அளவுக்கு மீறித் தண்டித்துவிட்டது என்று உணர்ந்தேன் என்கிறான். உணர்ந்து, வீட்டில் இருக்க விரும்பிய அந்த நேரத்தில்தான் ஊர் அவனை விரட்டியது, மகன்கள் வாய்திறக்காமல் இருந்தார்கள்.

அளவுக்கு மீறி. இந்தச் சொல்லுக்காகவே இரண்டாவது நாடகத்தை வாசிக்க வேண்டும். தான் படைத்த மாபெரும் காட்சியை, இருபதாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, அந்தப் பாத்திரத்தின் வாயாலேயே விமர்சிக்கிறார் ஒரு கலைஞர். 'அது நான் செய்ததே இல்லை' என்று பொய் சொல்லவில்லை. நடந்தது நடந்ததுதான், தண்டனையின் அளவுதான் தவறு என்கிறார். விதி என்று கைகழுவுவதற்கும் கண்ணைக் குத்திக்கொள்வதற்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு நிலை இருக்கிறது. அங்கே போய்ச்சேர அவனுக்கு ஒரு வாழ்நாள் தேவைப்பட்டது.

யூரிப்பிடிஸும் வேறொரு வழியாக இதே இடத்துக்கு வருகிறார். 'ஹெராக்கிள்ஸ்' நாடகத்தில் தெய்வம் ஏவிய பித்தில் நாயகன் தன் மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றுவிடுகிறான். தெளிந்ததும் சாக முடிவெடுத்து, தன் தீட்டு யார்மீதும் படக்கூடாதென்று தலையை மூடிக்கொள்கிறான். நண்பன் தீசியஸ் வந்து அந்த முக்காட்டை விலக்கச் செய்கிறான். தீட்டு ஒட்டினால் ஒட்டட்டும் என்று கையைக் கொடுக்கிறான். தத்துவ விவாதங்கள் ஒருபக்கம் நடக்கின்றன. ஆனால் ஹெராக்கிள்ஸ் வாழச் சம்மதிப்பதற்கு அந்தக் கையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கொலோனஸில் ஈடிபஸை ஏற்றுக்கொள்பவனும் இதே தீசியஸ்தான். தன்னைத் தண்டிப்பது தனியாகச் செய்யக்கூடிய வேலை. மன்னிப்புக்கு இன்னொரு ஆள் வேண்டும்.

இதை இனிப்பாக முடித்துவிடவும் சோஃபோக்ளிஸ் விடமாட்டார். தன்னை மன்னித்துக்கொண்ட கிழவன் மகன்களை மன்னிப்பதில்லை. உதவி கேட்டு வரும் பாலினைசிஸை, சகோதரன் கையால் சாவாய் என்று சபித்து அனுப்புகிறான். அந்தச் சாபத்தின் விலையை 'ஆண்டிகனி' நாடகத்தில் அவன் மகள் கொடுப்பாள். தன் குற்றத்தை அளந்து பார்க்கக் கற்ற ஒருவனால் பிறர் குற்றத்தை அளக்க முடியாமல் போவது எனக்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கிறது.

ஆனாலும் கடைசிக் காட்சி இருக்கிறது. இடி முழங்குகிறது, தனக்கு நேரம் வந்துவிட்டது என்று ஈடிபஸுக்குத் தெரிகிறது. இத்தனை வருடம் மகளின் கைப்பிடியில் நடந்தவன் இப்போது யாரும் தொடாமல் தானே எழுந்து முன்னால் நடக்கிறான். கண்ணுள்ளவர்கள் அவன் பின்னால் போகிறார்கள். முதல் நாடகத்தோடு நிறுத்திக்கொண்ட நண்பர்களிடம் நான் சொல்வது இதுதான்: இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள். ஒரே வாரத்தில் முடியும். அதற்குப் பிறகும் அது விதியைப் பற்றிய கதைதான் என்று தோன்றினால், வாங்க, உட்கார்ந்து பேசுவோம்.